திண்ணையிலிருந்து வகுப்பறைக்கு: தமிழகத் தொடக்கப் பள்ளியின் நாள் ஒழுங்கு

சிறு பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேரும் நேரம் முதல் வீடு திரும்பும் நேரம் வரை எந்த வேளையில் எதை, யாருடைய மேற்பார்வையில், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று வகுக்கப்பட்ட முறையைப் பள்ளியின் நாள் ஒழுங்கு எனலாம். கல்வி வரலாற்று நூல்கள் சட்டங்களையும் பாடத்திட்டங்களையும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் விரிவாகப் பேசுகின்றன; அன்றாடம் திரும்பத் திரும்ப நடந்ததாலேயே இந்த ஒழுங்கு பெரும்பாலும் அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. ஆயினும் ஒரு பள்ளி யாருக்குக் கடமைப்பட்டு நடந்தது, பிள்ளையின் நேரம் யாருக்கு உரியதாகக் கருதப்பட்டது என்னும் இரு கேள்விகளுக்கும் அதன் நாள் ஒழுங்கைக் காட்டிலும் தெளிவான சான்று வேறு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் திண்ணைப் பள்ளியிலிருந்து இன்றைய அரசுத் தொடக்கப் பள்ளி வரை தமிழகத்தில் இவ்வொழுங்கு அடைந்த மாற்றங்களை அந்த இரு கேள்விகளையும் முன்வைத்தே பார்க்க வேண்டும்.

திண்ணையும் அண்ணாவியும்

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது ஊரில் வசதியுள்ள ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, சாவடியிலோ, ஆசிரியரின் வீட்டு முகப்பிலோ நடந்த ஓராசிரியர் பள்ளியாகும். அவ்வாசிரியர் வட்டாரத்துக்கேற்ப அண்ணாவி, வாத்தியார், உபாத்தியாயர், கணக்காயர் என்னும் பெயர்களால் அழைக்கப்பட்டார். அவருக்கு அரசு ஊதியம் இல்லை. பெற்றோர் மாதந்தோறும் தந்த சிறு தொகையும், தானியமும், பண்டிகைக் காலக் காணிக்கையுமே அவருடைய வருவாய். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பள்ளிகள் பற்றிய விவரங்களைக் கோரி, வந்த அறிக்கைகளை 1826 மார்ச்சில் தொகுத்தபோது, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கணக்கிட்டார். ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்பதையும் அவர் குறித்திருக்கிறார். இவ்வளவு குறைந்த வருவாயில், ஒரே ஆசிரியர் வெவ்வேறு வயதும் நிலையும் உடைய பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்துக் கற்பித்தார் என்றால், அதைச் சாத்தியமாக்கியது அவர் கையிலிருந்த பிரம்பு மட்டுமன்று, இறுக்கமாகக் கட்டப்பட்ட நாள் ஒழுங்குமாகும்.

அந்த ஒழுங்கைப் பற்றிய சான்றுகள் மூன்று வகைப்பட்டவை. முதலாவது, ஐரோப்பியப் பயணிகளும் சமயப் பணியாளர்களும் எழுதியவை. 1623இல் கன்னட நாட்டின் இக்கேரியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர்கள் சிலர் ஆசிரியர் உடனில்லாமலேயே மணலில் எண்களை எழுதி, அவற்றை இராகமிட்டுச் சொல்லிக் கற்றதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே வியப்புடன் பதிவு செய்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சமயப் பணியாளர் சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதியே தமிழ் எழுத்துகளைக் கற்றார். இரண்டாவது, மன்றோவின் கணக்கெடுப்பையொட்டி ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகள். அவற்றுள் பள்ளியின் உள்நடைமுறையை மிக விரிவாக விளக்குவது பல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதியது. மூன்றாவது, அத்தகைய பள்ளியில் படித்தவர்களே பின்னாளில் எழுதிய நினைவுகள். 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த தம் ‘என் சரித்திரம்’ நூலில் வரைந்துள்ள கிராமப் பள்ளிக்கூடச் சித்திரம் இவ்வகையில் முதன்மையானது.

ஒரு நாளின் நடை

திண்ணைப் பள்ளியின் நாள் விடியற்காலையில் தொடங்கி அந்தி சாயும் வரை நீண்டது. காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பினர். எனவே அந்த நாள் இயல்பாகவே மூன்று பகுதிகளாகப் பிரிந்தது. கடிகாரம் இல்லாத ஊரில் பொழுதை அளந்தது வெயிலும் உணவு வேளையும்தான் என்பதால், பள்ளியின் நேரம் வீட்டின் நேரத்தோடு முரண்படாமல் இருந்தது. காலையில் வந்தவுடன் முந்தைய நாள் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். பெரிய மாணவன் ஒரு தொடரைச் சொல்ல மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது முறை சொல்லுதல் எனப்பட்டது. பாடத்தைப் புரிந்துகொள்வதற்கு முன்னரே அதன் ஓசையும் வரிசையும் நாவில் பதிந்துவிட வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. பொருள் விளக்கம் பின்னர் வரும், பலருக்கு வராமலும் போகும். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் செய்யுள்களின் பொருளை அறியாமலிருந்ததைக் காம்ப்பெல் பெருங்குறையாகச் சுட்டியதற்குக் காரணம் இதுவே.

பள்ளிக்கு வரும் வரிசையே அன்றைய முதல் பாடமாக இருந்தது. முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் பாராட்டின் அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்பட்டதையும், இரண்டாவதாக வந்தவன் புகழுக்கும் பழிக்கும் உரியவனல்லன் என்பதைக் குறிக்கச் சுழியம் இடப்பட்டதையும், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடியும் நான்காமவனுக்கு இரண்டும் என்று அடிகள் வரிசைப்படி கூடிக்கொண்டே போனதையும் காம்ப்பெல் விவரிக்கிறார். நேரம் தவறாமையைக் கடிகாரத்தைக் கொண்டு அளக்காமல் உடன் படிப்பவர்களைக் கொண்டு அளந்த இந்த ஏற்பாட்டில், தாமதம் என்பது குறிப்பிட்ட மணியைத் தவறவிடுவதன்று, இன்னொருவனுக்குப் பின்னால் வருவது. பிள்ளைகளை விடியலுக்கு முன்பே எழுந்து ஓடிவரச் செய்த அதே ஏற்பாடு, எவ்வளவு விரைந்து வந்தாலும் யாரோ ஒருவன் கடைசியாக வந்தே தீர வேண்டும் என்பதால், தண்டனையையும் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக்கிவிட்டது. குட்டு, பிரம்படி, தோப்புக்கரணம் ஆகியவற்றோடு, கைகளைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டம் என்னும் கொடுந்தண்டனையும் அப்பள்ளிகளில் இருந்தது. பழைய பள்ளியின் சிறப்புகளை எடுத்துரைக்கும் எவரும் இதை மறைத்துப் பேச இடமில்லை.

ஒப்புவித்தல் முடிந்தபின் எழுத்துப் பயிற்சி தொடங்கும். விஜயதசமியன்றோ வேறு நல்ல நாளிலோ சேர்க்கப்பட்ட பிள்ளை, தரையில் பரப்பிய மணலில் ஆசிரியரோ மூத்த மாணவனோ எழுதிக் காட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டி, அதன் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதிப் பழகும். கண், காது, நாக்கு, விரல் நான்கும் ஒரே சமயத்தில் ஒரே எழுத்தில் ஈடுபடும் இம்முறைக்குச் செலவு எதுவும் இல்லை. பிழையானால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். மணலில் கை தேர்ந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக, மஞ்சள், பச்சிலைச் சாறு, கரி போன்றவற்றைத் தடவுவது மையாடல் எனப்பட்டது. ஓலையை வாரி நறுக்குவதும் துளையிட்டுக் கயிறு கோப்பதும் மையாடுவதும் கல்வியின் பகுதிகளாகவே இருந்தன. மாணவன் தன் கையால் எழுதி முடித்த ஏடே அவனுக்குப் பாடநூலாகவும் ஆயிற்று.

எழுத்துக்கு அடுத்து எண்ணுக்கு அந்த நாளில் பெரும்பங்கு ஒதுக்கப்பட்டது. எண்சுவடி என்பது எண்கள், பின்னங்கள், அளவைகள், பெருக்கல் வாய்பாடுகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். அதிலுள்ள பொன்னிலக்கம் எண் வரிசைகளையும், நெல்லிலக்கம் தானிய அளவைகளையும், குழிமாற்று நிலப் பரப்புக்குரிய பெருக்கங்களையும் பயிற்றுவித்தன. 320இல் ஒரு பங்காகிய முந்திரி, அதன் இருமடங்காகிய அரைக்காணி, நான்கு மடங்காகிய காணி என்று பின்னங்கள் படிப்படியாக ஏறின. உழக்கு இரண்டு கொண்டது உரி, உரி இரண்டு கொண்டது நாழி, நாழி எட்டு கொண்டது குறுணி, குறுணி பன்னிரண்டு கொண்டது கலம் என்று அளவைகள் அடுக்கப்பட்டன. பத்து வயதுச் சிறுவன் இவற்றைத் தலைகீழாகவும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டதற்குக் காரணம், அவன் நாளை நிற்கப் போகும் களத்துமேட்டிலும் கடையிலும் கணக்குப் பிள்ளையின் வேலையிலும் காகிதமோ ஏடோ இல்லாமலேயே கணக்கிட வேண்டியிருந்ததுதான். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, மூதுரை முதலிய நீதி நூல்களும் நிகண்டு என்னும் செய்யுள் வடிவ அகராதியும் இதே முறையில் மனத்தில் பதிக்கப்பட்டன.

இத்தனை நிலைகளிலும் உள்ள பிள்ளைகளை ஒருவரே கவனிக்க இயலாது என்பதால் அண்ணாவிக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவர்களுள் ஒருவனாகிய அவன் முறை சொல்லவும், இளையவர்களின் எழுத்தைத் திருத்தவும், வந்தவர் வராதவர் கணக்கை வைக்கவும், ஆசிரியர் இல்லாத வேளையில் பள்ளியை நடத்தவும் பொறுப்பேற்றான். இந்தப் பதவி அதிகாரமாக மாறிச் சிறு பிள்ளைகள் துன்புற்றதும் உண்டு. எனினும் கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பவன் அதை இருமுறை கற்கிறான் என்னும் உண்மையை அந்த ஏற்பாடு பயன்படுத்திக்கொண்டது.

நாளின் முடிவும் தொடக்கத்தைப் போலவே திட்டமிடப்பட்டிருந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று தனித்தனியே சொல்லி அனுப்புவார் என்றும், மறுநாள் அவற்றை மறவாமல் சொல்ல வேண்டும் என்றும் சாமிநாதையர் எழுதுகிறார். நினைவாற்றலை வளர்ப்பதற்கான எளிய பயிற்சியாகிய இது, பள்ளி முடிந்த பின்னும் பாடத்தின் ஒரு துளியை வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது. மாதத்தின் ஒழுங்கு நிலவைப் பின்பற்றியது: அமாவாசை, பௌர்ணமி, அவற்றையடுத்த பிரதமை, அஷ்டமி ஆகிய நாள்களில் பாடம் இல்லை, இவ்விடுமுறை வாவு எனப்பட்டது, அப்போது ஆசிரியருக்குத் தரும் அரிசி வாவரிசி எனப்பட்டது. ஆண்டின் ஒழுங்கு நவராத்திரியைச் சுற்றி அமைந்தது. அப்போது பிள்ளைகள் கோலாட்டமடித்துப் பாடியபடி வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குரிய காணிக்கையைத் திரட்டினர். பள்ளி ஊருக்குக் கடமைப்பட்டிருந்தது. அதன் நாளும் மாதமும் ஆண்டும் ஊரின் காலத்தோடு இணைந்தே நடந்தன.

எழும்பூர் வழியாக இங்கிலாந்துக்கு

இந்த நாள் ஒழுங்கின் இரண்டு கூறுகள், அதாவது மணல் எழுத்தும் சட்டாம்பிள்ளை முறையும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட படைவீரர் அனாதை ஆண் பிள்ளைகள் காப்பகத்தின் மேற்பார்வையாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப் போன பிள்ளைகளை, அவர்களுள் பெரும்பாலோர் இந்தியத் தாய்மாரின் மக்கள், வளர்ப்பதற்கான அந்நிறுவனத்தில் ஆசிரியர்களின் திறமையும் ஈடுபாடும் பெல்லுக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை. ஒருநாள் அவர் தமிழ்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார்; அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார்கள் என்று குறித்ததால் பெல்லின் எழுத்தில் அது மலபார்ப் பள்ளி என்றே இடம்பெறுகிறது. தம் காப்பகத்தில் எழுத்து கற்கும் வகுப்பை அவ்வாறே நடத்தும்படி அவர் பணித்தபோது ஆசிரியர் இணங்காததால், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனை அவ்வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். அது வெற்றி பெறவே, மற்ற வகுப்புகளும் படிப்படியாக மாணவர்களின் பொறுப்புக்கு வந்தன.

பெல் செய்தது வெறும் நகலெடுப்பன்று. திண்ணைப் பள்ளியில் வழக்கமாக நடந்ததை அவர் எழுத்து வடிவிலான ஒழுங்காக மாற்றினார்: ஒவ்வொரு மாணவனும் அன்று முடித்த வேலை பதிவேட்டில் ஏறியது, குற்றங்கள் கறுப்புப் புத்தகம் எனப்பட்ட ஏட்டில் குறிக்கப்பட்டு, வாரம் ஒருமுறை மாணவர்களே அடங்கிய நடுவர் குழுவின் முன் விசாரிக்கப்பட்டன. 1796இல் இந்தியாவை விட்டுச் சென்ற அவர், சென்னைக் காப்பகத்தில் நடந்த கல்விச் சோதனை பற்றிய தம் சிறு நூலை 1797இல் இலண்டனில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதே நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இதையொத்த முறையை மேலும் இறுக்கமாக்கி, மணியோசைக்கும் கட்டளைக்கும் ஏற்ப நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் ஒரே சமயத்தில் எழுந்து, அமர்ந்து, எழுதும் ஏற்பாட்டை உருவாக்கினார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் நிறுவப்பட்ட தேசியச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளில் பரப்பியது. ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரில் அது பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளை அடைந்தது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் செயின்ட் ஆண்ட்ரூசில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்கப்படுகிறது.

இந்தப் பயணத்தில் எது போயிற்று, எது இங்கேயே தங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்து தன் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் படிப்பும் கீழ்ப்படிதலும் தர விரும்பியது. ஆகவே திண்ணைப் பள்ளியின் சிக்கனமும் சட்டாம்பிள்ளையும் அங்கே வரவேற்கப்பட்டன. சிறிய எண்ணிக்கையும், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அடுத்த ஏட்டுக்கு நகரும் நெகிழ்வும் பெருமண்டபத்தில் இடம்பெற இயலவில்லை. உள்நாட்டுப் பள்ளிகளின் சிக்கனத்தையும் மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் காம்ப்பெல் 1823இல் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகுமென்று எழுதினார்; அதே அறிக்கையில், நெசவுத் தொழிலின் நலிவினாலும் பிற காரணங்களாலும் மக்கள் வறுமையுற்றதால் அப்பள்ளிகள் பல இடங்களில் அழிந்து வருவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

மணியும் பதிவேடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பள்ளியின் கடப்பாடு ஊரிலிருந்து அரசுக்கு மாறத் தொடங்கியது. 1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து மாகாணத்தில் பொதுக் கல்வித் துறை உருவாயிற்று. பள்ளிகளுக்கு நிபந்தனையுடன் உதவித்தொகை வழங்கும் முறையும் வந்தது. அவற்றுள் நாள் ஒழுங்கை மிகுதியாகப் பாதித்தது, ஆய்வாளரின் தேர்வில் தேறிய மாணவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தரும் முறையாகும். இங்கிலாந்தில் 1862 முதல் நடைமுறையிலிருந்த இம்முறை அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்து, திண்ணைப் பள்ளிகளையும் தன்னுள் இழுத்தது. உதவி பெற விரும்பிய அண்ணாவி வருகைப் பதிவேடு வைக்க வேண்டும், பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரிக்க வேண்டும், அச்சிட்ட பாடநூலைப் பயன்படுத்த வேண்டும், ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகளைத் திரட்டி நிறுத்த வேண்டும் என்றாயிற்று. கால அட்டவணை, அதாவது நாளைச் சமமான பாடவேளைகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத்தை ஒதுக்கும் பட்டியல், மெல்ல மெல்லச் சுவரில் ஏறியது.

மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்துப் பள்ளியைச் சார்லஸ் கோவர் ஆவணப்படுத்தினார். தென்னிந்திய நாட்டார் பாடல்களைத் தொகுத்து 1871இல் நூலாக்கிய அவர், பெல் பணியாற்றிய அதே எழும்பூர்க் காப்பகத்தின் முதல்வராக இருந்தவர். சென்னையின் திண்ணைப் பள்ளிகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1872இல் அவர் இறந்தபின் 1873இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் தலைவர் ஒருவர் திண்ணைப் பள்ளியைக் கண்டு கற்றுக்கொண்டார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் அதை ஆய்வுப் பொருளாக எழுதினார். இடைப்பட்ட காலத்தில் அப்பள்ளியின் மதிப்பு எவ்வளவு மாறியிருந்தது என்பதை இவ்விரு பதவியாளரின் எழுத்துகளே காட்டுகின்றன.

புதிய ஒழுங்கை அயலாரின் திணிப்பு என்று மட்டும் கொள்வது சரியாகாது. யாழ்ப்பாணத்தில் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சமயப் பணியாளரின் பள்ளிகளில் தாம் கண்ட வகுப்புப் பிரிவையும் அச்சுப் புத்தகத்தையும் ஏற்று, சைவக் கல்விக்காகப் பாலபாடங்களைப் படிநிலைப்படி எழுதி அச்சிட்டார். ஓலைக்குப் பதில் புத்தகமும், மணலுக்குப் பதில் சிலேட்டும், வாவு நாளுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமையும் நிலைபெற்றன. மணி அடித்ததும் பாடத்தை நிறுத்தி அடுத்ததற்குப் போக வேண்டியதாயிற்று. ஏட்டை முடித்தவன் அடுத்த ஏட்டுக்குப் போகும் வழக்கத்தின் இடத்தில், முடித்தவனும் முடிக்காதவனும் ஆண்டு இறுதியில் ஒன்றாகத் தேர்வெழுதும் வழக்கம் வந்தது. எண்சுவடியின் பின்னங்கள் புதிய அளவைகளின் முன் மறைந்தன. முறை சொல்லுதல் மட்டும், பெருக்கல் வாய்பாட்டை வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும் பழக்கமாக நெடுங்காலம் தங்கியது.

திண்ணையில் இடமில்லாதவர்கள்

திண்ணையின் ஒழுங்கு ஊரின் ஒழுங்காக இருந்ததே அதன் பெருங்குறையும் ஆகும். மன்றோவின் கணக்கெடுப்பில் தமிழ் மாவட்டங்களின் மாணவர்களுள் பிராமணரல்லாத சாதியினரே மிகப் பெரும்பான்மையினர் என்பது உண்மை. ஆனால் தீண்டாமை நிலவிய ஊரில், உயர்சாதியினர் வீட்டின் திண்ணையில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை எங்கும் மிகக் குறைவாகவே இருந்தது. தரங்கம்பாடியில் 1707 முதல் நடந்த சமயப் பணியாளரின் பள்ளிகளும், கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பகுதியில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும் திண்ணையின் எல்லைக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்காக எழுந்தவை. மணியும் பதிவேடும் பிள்ளையின் தன்வேகத்தைப் பறித்தன என்பது எவ்வளவு உண்மையோ, பதிவேட்டில் பெயர் ஏறுவது ஓர் உரிமையாக மாறியதும் அவ்வளவு உண்மை.

பிள்ளையின் நேரம் யாருக்கு உரியது என்னும் கேள்வி வெளிப்படையான அரசியல் போராட்டமாக எழுந்தது 1953இல்தான். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கும் நோக்கத்தோடு, முதலமைச்சர் இராஜாஜி ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு 3 மணி நேரமாகக் குறைத்து, பிள்ளைகளை இரு பிரிவுகளாக மாறி மாறி வரச் செய்து, எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். நாளின் பாதியைத் தந்தையின் தொழிலுக்கு ஒப்படைப்பது சாதியை நிலைப்படுத்துவதே என்று கூறி, பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார். கால அட்டவணை வெறும் நிர்வாகத் தாள் அன்று என்பதை அந்த ஓராண்டுப் போராட்டம் தெளிவாக்கியது.

அதன்பின் தமிழகப் பள்ளியின் நாள் ஒழுங்கில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் பாடவேளையைச் சார்ந்ததன்று, உணவு வேளையைச் சார்ந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் உணவளிக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலத்தில் தொடங்கினார். 1982 ஜூலையில் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. திண்ணைப் பள்ளியின் நாள், வீட்டில் சோறு இருக்கிறது என்னும் அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. அந்த அனுமானம் பொருந்தாத பிள்ளைகளும் நாள் முழுவதும் பள்ளியில் இருக்க முடிந்தது உணவு பள்ளிக்குள் வந்த பின்னரே.

மீண்டும் தரையில்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், கால அட்டவணையின் பிடியைத் தளர்த்த முயன்றது. ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியினர் ஊரக ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைத் தழுவிய இதில், பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி எனப்படும் படிவரிசையில் அமைக்கப்பட்டன. பிள்ளை ஒரு படியை முடித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லும். பிள்ளைகள் தரையில் பாய்மேல் வட்டமாக அமர்ந்தனர். கரும்பலகை அவர்கள் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கப்பட்டது. வருகையையும் அன்றைய வானிலையையும் அவர்களே குறித்தனர். ஆசிரியரின் துணையோடு கற்போர், சக மாணவரின் துணையோடு கற்போர், தாமே கற்போர் என்று குழுக்கள் பிரிந்தன. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. தன்வேகம், சக மாணவரின் துணை, தரையில் அமர்தல் என்று திண்ணைப் பள்ளியின் கூறுகள் பிரம்பும் சாதி எல்லையும் இல்லாமல் திரும்பியதாக இவற்றைக் காணலாம். எனினும் அட்டைகளை நிரப்புவதும் பதிவேடுகளை முடிப்பதும் ஆசிரியரின் நேரத்தை விழுங்குகின்றன என்னும் குறையும் தொடர்ந்து எழுந்தது. உதவித்தொகைக் காலத்து ஆய்வாளரின் நிழல் முற்றிலும் அகலவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இந்த வரலாறு முழுவதிலும் நாள் ஒழுங்கின் மூன்று பயன்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுள்ளன: பிள்ளையைக் கற்கச் செய்வது, பிள்ளையை அடக்கி வைப்பது, பள்ளி நடக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்டுவது. மணலில் எழுதுதல், மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருதல், மாலையில் ஒரு பூவின் பெயரை நினைவில் கொண்டு வீடு செல்லுதல் ஆகியவை முதல் பயனைச் சேர்ந்தவை. இவை பிள்ளையைத் தானாக ஒன்றைச் செய்ய வைத்தன, அதனாலேயே வேறு வேறு வடிவங்களில் இன்றும் பிழைத்திருக்கின்றன. கோதண்டம் இரண்டாம் பயனுக்கும், ஆய்வாளரின் வருகைக்காகக் கட்டப்பட்ட பாடவேளை மூன்றாம் பயனுக்கும் உரியவை; அவற்றை ஏற்படுத்திய அதிகாரம் மாறியபோதெல்லாம் அவையும் கைவிடப்பட்டன அல்லது உருமாறின. ஆகவே ஒரு தொடக்கப் பள்ளியின் நாள் ஒழுங்கை மதிப்பிடுவதற்கு அது எவ்வளவு அமைதியாக நடக்கிறது என்பதோ, எவ்வளவு துல்லியமாகப் பதிவாகிறது என்பதோ அளவுகோல் ஆகாது. ஆசிரியர் சற்று விலகியிருக்கும் வேளையிலும் பிள்ளை தன் வேலையை அறிந்து செய்கிறதா என்பதும், அந்த வகுப்பறையில் ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறதா என்பதுமே அளவுகோல்கள். முதலாவதில் திண்ணைப் பள்ளி வென்றது, இரண்டாவதில் தோற்றது. இரண்டிலும் வெல்லும் ஒழுங்கை அமைப்பதே இன்றைய தொடக்கப் பள்ளியின் முன் நிற்கும் பணி.